82 அங்கிகளும் ஒரு பேரரசரும்

“கான்ஸ்டன்டைன் என்ற ரோமப் பேரரசர் மட்டும் மதம் மாறாமல் இருந்திருந்தால் கிறிஸ்தவம் அடையாளம் தெரியாமல் மறைந்திருக்குமே? அதுவரை முந்நூறு ஆண்டுகள் நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்த கூட்டம்தானே அது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்விக்கு அடியில் இருப்பது ‘அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி’ என்ற நம் பழைய நம்பிக்கை. ரோமில் நடந்தது ஏறக்குறைய தலைகீழ். குடிகளில் ஒரு பகுதி வேறு வழியில் வெகுதூரம் போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் அரசன் அந்த வழியில் திரும்பினான். இதைச் சொல்ல நான் சபையின் சொந்த எழுத்துகளை அதிகம் நம்பப் போவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர்கள், விசாரித்தவர்கள், கேலி செய்தவர்கள், சொத்தைப் பறிமுதல் செய்தவர்கள் ஆகியோரே என் முக்கிய சாட்சிகள்.

முதல் சாட்சி பிளினி. சுமார் கி.பி. 111 முதல் 113 வரை, இன்றைய துருக்கியின் வடபகுதியில் கருங்கடலை ஒட்டியிருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர். எதற்கெடுத்தாலும் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதிக் கேட்கும் சுபாவம் அவருக்கு. நிக்கோமீடியா நகரில் பெரிய தீ விபத்து ஏற்பட்டபோது, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றை அமைக்கலாமா என்று அனுமதி கேட்டார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில், எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும் கடைசியில் அது அரசியல் கூட்டமாகிவிடும் என்பது பேரரசரின் பதில். தீயை அணைக்கப் பத்து ஆட்கள் சேர்வதையே சந்தேகத்தோடு பார்த்த ஆட்சி அது. இந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிக்க வேண்டும்.

அடுத்த கடிதம் கிறிஸ்தவர்களைப் பற்றியது. குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று சொல்ல மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மீண்டும் கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை எழுதுகிறார். உண்மையைக் கறக்க அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. அந்தச் சபையில் அவர்களுக்குப் ‘பணிவிடையாளர்’ என்ற பொறுப்பு இருந்தது என்றும் குறிப்பிடுகிறார். ரோமச் சமூகத்தில் சாட்சிக்குக்கூட உடலை வதைத்துத்தான் அழைக்கப்பட்ட அடிமைப் பெண்களுக்கு அங்கே ஒரு பதவி இருந்திருக்கிறது!

பிளினியின் கவலை இன்னொன்று. இந்தத் ‘தொற்று’ நகரங்களோடு நிற்காமல் ஊர்களுக்கும் வயல்வெளிக்கும் பரவிவிட்டது. கோயில்கள் கிட்டத்தட்ட வெறிச்சோடின. பலியிட்ட விலங்கின் இறைச்சியை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. தன் நடவடிக்கைக்குப் பிறகுதான் நிலைமை தேறுகிறது என்கிறார். தன் பெருமையைக் கூட்டிச் சொல்லும் அதிகாரியின் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் இறைச்சி விற்பனை குறைந்தது என்ற கவலையை யாரும் கற்பனையில் எழுத மாட்டார்கள். இது இயேசு சிலுவையில் அறையப்பட்டு எண்பது ஆண்டுகளில். கான்ஸ்டன்டைன் வருவதற்கு இன்னும் இருநூறு ஆண்டுகள் இருந்தன.

எருசலேமில் தொடங்கிய ஒரு யூதக் குழு அவ்வளவு தூரம் போனது எப்படி? பாதையை யூதர்களே முன்பே போட்டிருந்தார்கள். அலெக்சாந்திரியா, அந்தியோகியா, எபேசு, கொரிந்து, ரோம் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய பெருநகரங்களில் எல்லாம் யூதக் குடியிருப்புகளும் தொழுகைக் கூடங்களும் இருந்தன. வேத நூல்கள் கிரேக்கத்தில் ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. அந்தக் கூடங்களின் ஓரத்தில் வந்து உட்காரும் யூதரல்லாதவர்கள் ஒரு கூட்டம். ஒரே கடவுள், ஒழுக்க நெறி இரண்டும் அவர்களை ஈர்த்தன, ஆனால் விருத்தசேதனமும் உணவுக் கட்டுப்பாடும் தடுத்தன. தமிழ் விவிலியத்தில் ‘தேவனுக்குப் பயந்தவர்கள்’ என்று வருகிறார்களே, அவர்கள்தான். விருத்தசேதனம் இல்லாமலே முழு உறுப்பினராகலாம் என்று, ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிப் போதித்த திருத்தூதர் பவுல் பிடிவாதமாக வாதாடியபோது, வாசலில் காத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. ‘கிறிஸ்தவர்’ என்ற பெயரே முதலில் அந்தியோகியாவில்தான், யூதரும் அல்லாதவரும் கலந்த சபைக்கு, வந்து ஒட்டியது.

பவுலைப் பற்றிப் பேசும்போது மேடைப் பிரசங்கியைக் கற்பனை செய்துகொள்கிறோம். அவர் கூடாரம் தைப்பவர். கொரிந்துவில் அவர் தங்கியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியிடம். அவர்களுக்கும் அதே தொழில். ரோமிலிருந்து யூதர்களைப் பேரரசர் கிளாடியஸ் வெளியேற்றியதால் கொரிந்து வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். பகலெல்லாம் தோலையோ கெட்டித் துணியையோ தைத்துக்கொண்டே பேச வேண்டிய தொழில். வாடிக்கையாளர் வருவார், உட்காருவார், கேட்பார். இந்தச் சம்பவத்துக்கு நாள் குறிக்கவும் வழி இருக்கிறது. பவுலை விசாரிக்க மறுத்த ஆளுநர் கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் வருகிறது. அதை வைத்து அவர் பதவியில் இருந்தது சுமார் 51-52 என்று கணிக்கிறார்கள்.

ரோமில் சபையை நிறுவியவர் யார் என்று தேடினால் இன்னும் வியப்பு. ரோமருக்கு எழுதிய கடிதத்தைப் பவுல் 50-களின் பிற்பகுதியில் எழுதினார். அப்போது அவர் ரோமைப் பார்த்ததே இல்லை. கெங்கிரேயா என்ற துறைமுகத்துச் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண் கடிதத்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் பவுல் வாழ்த்துச் சொல்பவர்களின் பட்டியல் இருபது பெயர்களைத் தாண்டுகிறது. கிரேக்கப் பெயர், லத்தீன் பெயர், அடிமைகளுக்கு வைக்கும் பெயர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இன்னார் வீட்டில் கூடுகிற சபை என்ற குறிப்பும் வருகிறது. பின்னர் பவுல் கைதியாக இத்தாலியின் புத்தேயோலி துறைமுகத்தில் இறங்கியபோது அங்கேயும் ஏற்கெனவே நம்பிக்கையாளர்கள் இருந்தார்கள். கொண்டுவந்தவர் யார்? கப்பலில் வந்த வணிகரோ, விடுதலை பெற்ற அடிமையோ. பெயர் பதிவாகவில்லை. பேதுருவும் பவுலும் ரோமில் உயிர்விட்டார்கள் என்ற மரபு மிகப் பழையது. ஆனால் அவர்கள் போய்ச் சேருமுன்பே அங்கே சபை இருந்தது. 64-ல் ரோம் எரிந்தபோது பழியைச் சுமத்த நீரோவுக்கு அந்த ஆட்கள் கையருகே கிடைத்தார்கள்.

இரண்டாவது சாட்சி செல்சஸ் என்ற கிரேக்க மெய்யியலர். சுமார் 178-ல் கிறிஸ்தவத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். நூல் அழிந்துவிட்டது, மறுப்பு எழுதிய ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் வரிக்கு வரி மேற்கோள் காட்டியதால் பெரும்பகுதி தப்பியது. செல்சஸின் எரிச்சல் இதுதான்: கம்பளி நெய்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் சலவைத் தொழிலாளிகளும், வீட்டு எஜமானர் முன்னால் வாயே திறக்காதவர்கள், பிள்ளைகளையும் பெண்களையும் தனியே பிடித்துக்கொண்டால் போதும், அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள், ‘அப்பாவும் வாத்தியாரும் சொல்வதைக் கேட்காதே, தோல் கடைக்கு வா, சலவைக் கூடத்துக்கு வா, எல்லாம் சொல்லித்தருகிறேன்’ என்கிறார்கள். ஏளனமாகத்தான் எழுதினார். ஆனால் இந்த மதம் பரவிய இடத்தின் முகவரியை இவ்வளவு துல்லியமாக எந்தக் கிறிஸ்தவரும் எழுதவில்லை. சமையல்கட்டு, பட்டறை, பெண்கள் இருக்கும் உள்ளறை.

வேகம் எவ்வளவு? கணக்கெடுப்பு எதுவும் கிடையாது. சமூகவியலாளர்கள் போட்டுப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. கி.பி. 40-ல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று பெருக்கினால் 100-ல் ஏழாயிரத்துச் சொச்சம், 200-ல் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், 300-ல் அறுபது லட்சத்தைத் தாண்டும். பேரரசின் மக்கள்தொகை சுமார் ஆறு கோடி என்றால் பத்தில் ஒருவர். ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடுகூட இல்லை. வங்கி வைப்பு வட்டிக்கும் கீழே. எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடக்க எண்ணே ஊகம்தான். ஆனால் வட்டிக்கு வட்டி கண்டவர்களுக்கு விஷயம் புரியும். அற்புதமும் தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை. ஒவ்வொரு வீடும் தலைமுறைக்கு இரண்டு வீட்டை இழுத்தால் போதும்.

இனி ‘ஒளிந்து வாழ்ந்த கூட்டம்’ என்ற பகுதி. ரோமின் நிலத்தடிக் கல்லறைகள் (கேட்டகூம்) புதைக்கும் இடங்கள், அவ்வளவுதான். நகருக்கு வெளியே, சாலையோரமாக, மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து செய்தவை. இருக்கும் இடம் அதிகாரிகளுக்கும் தெரியும். அங்கே ஆயிரக்கணக்கானோர் மறைந்து வாழ்ந்தார்கள் என்பது பிற்காலக் கதைகளும் திரைப்படங்களும் நமக்குக் கொடுத்த பரிசு. துன்புறுத்தலும் முந்நூறு ஆண்டு இடைவிடாமல் நடக்கவில்லை. தேடிப் பிடிக்காதே, பெயரில்லாப் புகார்க் கடிதத்தை ஏற்காதே, பிடிபட்டு மறுக்காவிட்டால் தண்டி என்பதுதான் டிராஜன் பிளினிக்கு அனுப்பிய பதில். பிறகு 177-ல் லியோன், 203-ல் கார்த்தேஜ் என்று அங்கங்கே கொடூரங்கள்; பெரும்பாலும் ஊர் ஆத்திரமோ ஓர் ஆளுநரின் கண்டிப்போ காரணம்.

பேரரசு முழுவதற்குமான முதல் ஆணை பேரரசர் டெசியஸ் காலத்தில் வருகிறது. எல்லாக் குடிகளும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றார். எகிப்தின் வறண்ட மண்ணில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் பாப்பிரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. ஒன்று 250 ஜூன் 26 தேதியிட்டது. சத்தபூஸ் மகன் அவுரேலியஸ் டயோஜெனஸ், வயது 72, அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானம் ஊற்றினேன், படைத்ததை உண்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன். அங்க அடையாளம், உறுதிமொழி, கையொப்பம். நம் தாலுகா அலுவலக மனுவுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருவரும் இதே சான்றிதழை வாங்கியிருக்கிறார். தெய்வத்துக்குப் பூசை செய்வதே தொழிலாகக் கொண்டவரும் ‘நான் பூசை செய்தேன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், ஆணை எவ்வளவு அகலமாக விரிக்கப்பட்டது என்று பாருங்கள்.

டெசியஸ் 251-ல் போரில் செத்தார். அதே காலத்தில் ரோமின் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் ஒன்றில் அந்த நகரச் சபையின் கணக்கு வருகிறது: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், சபை உணவளித்துக் காக்கும் விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். சபையிடமிருந்து முன்பு பறிக்கப்பட்டிருந்த சொத்துகளை 260-ல் பேரரசர் காலியேனஸ் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்பது ஆண்டு அமைதி. அந்த அமைதியின் முடிவில், பேரரசர் டயோக்ளீஷியன் தலைநகராக வைத்திருந்த நிக்கோமீடியாவில் மேட்டுநிலத்தில் கட்டிய தேவாலயம் அரண்மனையிலிருந்தே தெரிந்தது. டிராஜன் தீயணைப்புக் குழுவுக்கே அனுமதி மறுத்த அதே ஊர். 303 பிப்ரவரி 23 அன்று அந்தத் தேவாலயத்தை இடித்துத்தான் கடைசிப் பெரும் துன்புறுத்தல் தொடங்கியது. ஒளிந்திருப்பவர்கள் அரண்மனைக்கு எதிரே கட்டடம் எழுப்புவார்களா?

மூன்றாவது சாட்சிதான் எனக்கு மிகப் பிடித்தது. 303 மே 19, வட ஆப்பிரிக்காவின் சிர்தா நகரம். நகர அதிகாரி முனாட்டியஸ் ஃபீலிக்ஸ் ஆட்களோடு கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போகிறார். உடன் வந்த எழுத்தர் நடந்ததையெல்லாம் பதிவு செய்கிறார். அந்தப் பதிவு பின்னர் 320-ல் ஒரு வழக்கில் வாசிக்கப்பட்டதால் நம் கைக்கு வந்தது.

வேத நூல்களைக் கொடு என்கிறார் ஃபீலிக்ஸ். அவை வாசகர்களிடம், அதாவது வழிபாட்டில் வேதம் வாசிக்கும் பொறுப்பாளர்களிடம், இருக்கின்றன என்கிறார் அந்த ஊர் ஆயர் பவுல் (இவர் வேறு பவுல்). வாசகர்கள் யார், காட்டு என்கிறார் ஃபீலிக்ஸ். உங்களுக்கு எல்லாரையும் தெரியுமே என்கிறார் ஆயர். எங்களுக்குத் தெரியாது என்கிறார் ஃபீலிக்ஸ். உங்கள் அலுவலக எழுத்தர்களுக்குத் தெரியும் என்று ஆயர் இரண்டு எழுத்தர்களின் பெயரையே சொல்கிறார்! நகராட்சி அலுவலகத்துக்கும் சபைக்கும் இருந்த பழக்கம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. ஃபீலிக்ஸ் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, இருக்கிற பொருளை எடு என்கிறார். எழுதுகிறார்கள்: பொற்கிண்ணம் 2, வெள்ளிக்கிண்ணம் 6, வெள்ளிக் குடுவை 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு வெண்கல விளக்கு 11. பிறகு துணிமணி: பெண்களுக்கான அங்கி 82, முக்காடு 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. உணவறையில் நான்கு பெரிய சாடிகளும் ஆறு பானைகளும். புத்தக அலமாரி மட்டும் காலி.

சில்வானுஸ் என்ற இளநிலைத் தொண்டர் ஒரு வெள்ளிப் பெட்டியும் வெள்ளி விளக்கும் கொண்டுவந்து, சாடிக்குப் பின்னால் கிடந்தது என்கிறார். ‘கண்டெடுக்காமல் இருந்தால் செத்திருப்பாய்’ என்கிறார் எழுத்தர். வாசகர்கள் வீட்டைக் காட்டச் சொன்னபோது வேறு இரு தொண்டர்கள், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, கொல்லச் சொல்லுங்கள் என்று நிற்கிறார்கள். பிறகு அதிகாரிகளே வீடு வீடாகப் போகிறார்கள். இலக்கண ஆசிரியர் விக்டர் இரண்டு நூல்களும் நான்கு தாள் கட்டுகளும் கொடுக்கிறார். இன்னொரு வீட்டில் கணவன் இல்லை, மனைவி ஆறு நூல்களை எடுத்து வந்து வைக்கிறாள். வீரமும் பயமும் சமாளிப்பும் ஒரே பகலில். சில்வானுஸ் பின்னாளில் அதே ஊர் ஆயரானார்; அன்று பொருளை எடுத்துக் கொடுத்ததுதான் 320 வழக்கில் அவர் தலையில் விடிந்தது.

அந்த 82 அங்கிகள் ஏன் அங்கே இருந்தன? சடங்குக்கு அத்தனை வேண்டாம். வறியவர்களுக்குக் கொடுக்கச் சேர்த்த துணி என்பதே பொருத்தமான விளக்கம். பெண்கள் உடை பல மடங்கு இருப்பதைப் பார்த்தால் விதவைகள் நினைவுக்கு வருகிறார்கள். உறவற்ற விதவைக்குத் துணியும் சோறும், அனாதைக்குப் புகலிடம், செத்தவனுக்குக் குழி. அந்நாளைய பெருநகரத்தில் இவற்றைத் தொடர்ந்து, பதிவேடு வைத்து, தன் ஊரார் என்று பாராமல் செய்த அமைப்புகள் மிகக் குறைவு. கோட்பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. உயிர்த்தெழுதலை நம்பித்தான் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் விலகாமல் இருந்ததற்கு அந்த அலமாரியும் ஒரு காரணம் என்கிறேன்.

இப்போது பேரரசர். 303-ல் தொடங்கிய அந்தத் துன்புறுத்தலை நிறுத்தி 311-ல் ஆணையிட்டவர் கான்ஸ்டன்டைன் அல்ல, கிறிஸ்தவர்களை மிகக் கடுமையாக நசுக்கிய பேரரசர் கலேரியஸ். சாகும் தறுவாயில், ஒடுக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உங்கள் கடவுளிடம் எங்களுக்காகவும் வேண்டுங்கள் என்று கேட்டார். 312-ல் ரோம் வாயிலில் கான்ஸ்டன்டைன் வென்றார். 313-ல் இணைப் பேரரசர் லிசினியஸுடன் உடன்பட்டு எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரமும் சபைக்குப் பறித்த சொத்தும் கொடுத்தார். கிறிஸ்தவத்தை அரச மதமாக்கியவர் அவர் என்று பலரும் எழுதுகிறார்கள். அது 380-ல் தியோடோசியஸ் செய்தது.

அதற்காகக் கான்ஸ்டன்டைன் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நான் மறுகோடிக்குப் போனவனாவேன். பெருங்கோயில்களுக்குக் கருவூலம் திறந்தது, குருக்களுக்கு நகரப் பொறுப்புகளிலிருந்து விலக்கு கிடைத்தது, 325-ல் நிசேயாவில் ஆயர்கள் அரச செலவில் கூடினார்கள். மாறினால் லாபம் என்ற நிலை வந்தபின் வருகிறவர்களின் வேகமும் தரமும் மாறும், மாறின. போரில் சிதைந்த சிர்தாவையும் அவர் புதுப்பித்துத் தன் பெயரைச் சூட்டினார். அல்ஜீரியாவில் அது இன்றும் கான்ஸ்டன்டைன் நகரம்தான்.

கடைசி சாட்சி அவர் குடும்பத்திலேயே இருக்கிறார். அவருடைய தம்பி மகனான பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர். 362-ல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதும்போது, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள், நம்மவர்களுக்கு நாம் உதவவில்லை என்று எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வெட்கப்படுகிறார். ஊர்தோறும் சத்திரம் கட்டு என்று சொல்லி, ஆண்டுக்கு 30,000 மோடியஸ் (ரோமத் தானிய அளவு) கோதுமையும் 60,000 அளவு திராட்சை மதுவும் ஒதுக்குகிறார். அடுத்த ஆண்டே பாரசீகப் போரில் இறந்தார். அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி என்றால், இந்த அரசன் பின்னாலும் போயிருக்க வேண்டுமே.

“மாறாமல் இருந்திருந்தால்?” என்ற உங்கள் கேள்விக்கு ஊகம் தேவையில்லை, அப்படி நடந்த நாடு ஒன்று பக்கத்திலேயே இருந்தது. பாரசீகத்தில் எந்தப் பேரரசரும் கிறிஸ்தவராகவில்லை. மாறாக, ரோம் கிறிஸ்தவர் கைக்குப் போனதும் பாரசீகக் கிறிஸ்தவர்கள் எதிரியின் ஆட்களாகப் பார்க்கப்பட்டார்கள்; இரண்டாம் ஷாப்பூர் காலத்தில் பெருங்கொலைகள் நடந்தன. கான்ஸ்டன்டைனால் அவர்களுக்குக் கிடைத்தது இதுதான். ஆனாலும் அந்தக் கீழைச் சபை சிறுபான்மையாகவே பல நூற்றாண்டுகள் தழைத்தது. 635-ல் சீனத் தலைநகரை எட்டியது. ஆறாம் நூற்றாண்டில் இந்தப் பக்கக் கடல்களைப் பற்றி எழுதிய காஸ்மாஸ் என்ற வணிகர், மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதையும், இலங்கையில் இருப்பவர்கள் பாரசீகர்கள், குருவும் அங்கிருந்தே நியமிக்கப்படுகிறார் என்பதையும் குறிப்பிடுகிறார். சென்னையில் இருந்தால் ஒருநாள் பரங்கிமலை ஏறிப் பாருங்கள். மேலே உள்ள தேவாலயத்தின் பழைய கற்சிலுவையைச் சுற்றி ஒரு வரி பொறித்திருக்கிறது. அது லத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல. பாரசீகத்தின் பகலவி எழுத்து.